எட்டாம் வகுப்பு பியட்றிஸ்

கலஹா பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிய பியட்றிஸை அன்று காலையில் மட்டும் மூன்று தடவை தடுத்துப் பார்த்தாள் வேலாயி.

முதல் தடவை, தேத்தண்ணி ஊற்றும்போது. "வெள்ளிக்கிழமையில அந்தப் பக்கம் பஸ்ஸு சரியா ஓடாது."

அடுத்தது, ரொட்டியைச் சுற்றிக் கொடுக்கும்போது. "அந்த ஸ்கூல்ல பழைய ரெஜிஸ்தரெல்லாம் கறையான் தின்னு முடிச்சிருக்கும். சும்மா எதுக்கு அலையணும்?"

மூன்றாவது, கண்டி மஹய்யாவ வீட்டுப் படிக்கட்டில் இறங்குகிறவர்களின் பின்னாலேயே ஓடி வந்து. "மழை வரப் போவுது."

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

"அண்ணி, ஞாயித்துக்கெழம எனக்கு ப்ளைட்டு. இன்னைக்கு விட்டா இந்தப் பத்திரம் கெடைக்கவே கெடைக்காது. ஒங்களுக்கு என்னா ஆச்சு காலையிலேர்ந்து?"

பியட்றிஸின் மகள் அனற்றின் கையில் வேலாயி ஒரு துண்டுக் காகிதத்தைத் திணித்தாள். எங்கே இறங்க வேண்டும், எங்கே முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதியிருந்தது. பியட்றிஸ் தான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. பாதையெல்லாம் மாறியிருக்கும்.

"பத்தரமா போயிட்டு வாங்க தங்கச்சி," என்றாள்.

தங்கச்சி. அண்ணன் ஹென்றியைக் கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வேலாயி ஒரு தடவைகூட நாத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தங்கச்சி என்பாள், இந்தாங்க என்பாள், டெலிபோனில் என்றால் "நான்தான்" என்று நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

பியட்றிஸுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், பதினேழு வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக் கொண்டிருப்பவள் அவள். இப்போது நோயாளர் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. முடித்தால் ஆஸ்பத்திரி வேலை, சம்பளத்தோடு லீவு, முழங்காலில் நிற்காத பிழைப்பு. சொந்த நாட்டில் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அதற்காகத்தான் கோடை விடுமுறையில் பதின்மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மூன்று வாரமாக அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறாள். ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் ஒரே பதில்: படித்த பள்ளிக்கூடத்திலேயே போய்க் கேளுங்கள்.

அதில்தான் சிக்கல் இருந்தது. பியட்றிஸ் பள்ளிக்கூடம் போனது எட்டு வருஷம் அல்ல. ஐந்து.

அது ஹென்றிக்குத் தெரியும், வேலாயிக்குத் தெரியும். புருஷன் ஜொனிக்குத் தெரியாது. மகளுக்கு நிச்சயமாகத் தெரியாது. மகளிடம் அவள் சொல்லி வைத்திருந்தது வேறு கதை.

"அம்மா, நீங்கள் எட்டாம் வகுப்பு வரைக்கும் வகுப்பில முதலாம் பிள்ளையோ?" பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது அனற் கேட்டாள். அப்பா ஜொனி யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரர். பலெர்மோவில் அவளுக்குக் கிடைத்த தமிழ் முழுக்க அப்பாவின் தமிழ்.

"ம்."

"எல்லாப் பாடத்திலயுமோ?"

"ஏன்டி உசிர வாங்குற? வெளியில பாரு. தேயிலை வருது."

அனற் வெளியே பார்க்கவில்லை. கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு 'ற'வின் வாலையும் கோட்டுக்குக் கீழே இழுத்து, பட்டம் விட்டதுபோல ஒரு சுழி போட்டிருந்தது.

"மாமிக்கு எவ்வளவு வடிவான எழுத்து! பள்ளிக்கூடம் போகேல்லை எண்டு ஏன் எல்லாரும் சொல்லினம்?"

"பேரு பதிஞ்சு போகல்ல. அதனால சொல்றாங்க."

"நேற்று என்ர கணக்குக்கு விடை சொன்னவ."

அது உண்மைதான். விடுமுறைக்குக் கொடுத்துவிட்ட கணக்குப் புத்தகத்தோடு அனற் மல்லுக்கட்டிக் கொண்டிருக்க, போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த வேலாயி எட்டிப் பார்த்து, "ஏழு" என்றாள். பின்பக்கத்தில் விடையைப் பார்த்தார்கள். ஏழு. எப்படி என்று கேட்டதற்கு, "சும்மா வாயில வந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பியட்றிஸ் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. அவள் மனதில் ஒரே கணக்கு. பழைய ரெஜிஸ்தர் இடாப்பைக் கறையான் தின்றிருந்தால் நல்லது. அதிபர் இரக்கமுள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத்துப் பிள்ளை, எங்கேயோ போய்ப் பிழைக்கிறது, எட்டு என்றே போட்டுத் தொலைப்போம் என்று ஒரு மனிதன் நினைத்தால் போதும். கைப்பையில் அவருக்காக ஒரு பெட்டி இத்தாலிச் சொக்லேட் உருகிக்கொண்டிருந்தது.

*

அதிபர் ஜனார்த்தனன் கையில் அகப்பையோடு நின்றார். நாற்பத்து மூன்று பிள்ளைகள், நாற்பத்து மூன்று சாப்பாட்டுத் தட்டுகள். சமைக்கிற அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சலாம்.

"இருங்க, இருங்க, பருப்பு முடிஞ்சதும் வர்றேன். பாப்பா, நீயும் ஒரு தட்டு எடு."

பள்ளிக்கூடம் மாறவேயில்லை. ஒரே நீள மண்டபம். நடுவில் கரும்பலகையை நிறுத்தி இந்தப் பக்கம் ஒரு வகுப்பு, அந்தப் பக்கம் ஒரு வகுப்பு. கூரைத் தகரம்தான் புதிது. பியட்றிஸுக்கு நெஞ்சு உருகவெல்லாம் இல்லை. மழை நாளில் அந்தக் கூரையின் கீழ் வாத்தியார் சொல்வது ஒன்றும் கேட்காது என்பதும், முழங்கால் விறைத்துப் போகும் என்பதும்தான் ஞாபகம் வந்தன.

அனற்றைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அக்கா, ஒங்க ஸ்கூல்ல யூனிபோம் என்னா கலரு?"

"யூனிபோர்ம் இல்லை. விருப்பமானதைப் போடலாம்."

"பொய்!"

"ஓம், உண்மையா."

'ஓம்' என்றதும் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்னால் நின்ற சிந்துஜா, ஐந்தாம் வகுப்பு, இரட்டைப் பின்னல், சிரிக்கவில்லை. அவள் விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாங்களா?"

"சீச்சீ. அடிச்சா பொலிஸ் வரும்."

"அப்ப எப்புடிப் படிக்கிறீங்க?"

அனற் தோளைக் குலுக்கினாள்.

"கணக்குக்கு எவ்வளவு எடுப்பீங்க?"

"ஆறு. சில வேளை ஏழு."

சிந்துஜாவின் முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். பக்கத்தில் நின்றவள் அனற்றின் தட்டில் தன்னுடைய முட்டைப் பாதியை வைத்தாள்.

"நூத்துக்கா?"

"இல்லையில்லை, பத்துக்கு! எங்கட பள்ளிக்கூடத்தில பத்துதான் ஆகக்கூட!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. முட்டை திரும்பப் போய்விட்டது.

"அப்ப பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்," என்றாள் சிந்துஜா.

பலெர்மோவில் வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்புவார். மற்றவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. எழும்பினவள் தனியாக நின்று, படித்ததைத் தன் வாயால் விளக்க வேண்டும். அப்போதெல்லாம் அனற் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இங்கே சிந்துஜா "ஓர் பதிமூணு" என்று தொடங்கியதும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கரும்பலகைக்குப் பின்னால் என்று நாற்பத்து மூன்று தொண்டையும் சேர்ந்துகொண்டது. தகரம் அதிர்ந்தது. சோற்றுப் பருக்கை பறந்தது. ஒன்பது பதின்மூன்று வரும்போது அனற்றும் கத்திக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சரியா பிழையா என்று யாருக்கும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

"அம்மா! எல்லாரும் சேந்து சத்தம் போடலாம்! ஒருத்தரும் ஏசேல்லை!"

"ஏசுவாங்க. இன்னைக்கு நீ வந்திருக்க," என்றாள் பியட்றிஸ்.

*

கறையான் தின்றிருக்கவில்லை. அதிபர் அலுமாரியைத் திறந்தார். தடித்த அட்டை போட்ட சேர்விடாப்பு, பொலித்தீன் உறையில் பத்திரமாக இருந்தது.

"எந்த வருஷம் சேர்ந்தீங்க?"

"தொண்ணூறு, சேர்."

அவர் விரலை வரிசையாக இறக்கினார். அனற் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பியட்றிஸ், பியட்றிஸ்... இந்தா. தொண்ணூறு ஜனவரி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

பியட்றிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"...ஆறு, ஏழு, எட்டு. தொண்ணூத்தேழு டிசம்பர்ல விலகியிருக்கீங்க. எட்டு வருஷம். அவ்வளவுதானேம்மா? இதுக்கா பயந்துக்கிட்டு நின்னீங்க?"

கண்ணைத் திறந்தாள். நீல மையில், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கையெழுத்து. எட்டு.

"இருங்க, புள்ளி அட்டவணையும் இருக்கு," என்று ஜனார்த்தனன் உற்சாகமாகிவிட்டார். இத்தாலிவரை போகிற பிள்ளை அவர் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி வருவதில்லை. "எட்டாம் வகுப்பு, மூணாம் தவணை. தமிழ் எண்பத்து நாலு. கணிதம் தொண்ணூத்தொண்ணு. நிலை ஒண்ணு! என்னம்மா நீங்க, பெரிய ஆளாயிருந்திருக்கீங்க!"

அனற் துள்ளி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தொண்ணூற்றி ஒண்டு! எனக்கேன் அந்த மூளை வரேல்லை?"

தொண்ணூற்றேழு டிசம்பரில் பியட்றிஸ் கொழும்பில் ஒரு வீட்டில் இருந்தாள். அவளுடைய பதினோராவது வயதில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தொட்டிக்கு எட்டாது என்று ஒரு பலகை முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஏறி நின்று சட்டி கழுவினாள். அனற்றுக்குப் பதினொரு வயதானபோது வகுப்போடு எரிமலை பார்க்கக் கூட்டிப் போனார்கள். கருங்கல் ஒன்று பொறுக்கி வந்தாள்.

எது எப்படியோ, காகிதத்தில் எட்டு இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவள் யாரையும் ஏமாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள்.

"அப்ப விடுகைப் பத்திரத்த எழுதித் தாங்க சேர்," என்றாள்.

அதிபர் விடுகைப் பத்திரப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புரட்டின கை நின்றது.

"இது ஏற்கனவே குடுத்தாச்சேம்மா. தொண்ணூத்தேழு டிசம்பர் பன்னெண்டு. கிழிச்சுக் குடுத்ததோட அடித்துண்டு இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க."

"நானா?"

"மூலப்பிரதி ஒங்கக்கிட்டதான் இருக்கணும். பிரதி வேணும்னா மேலிடத்துக்கு எழுதிப் போடணும். மூணு வாரமாவது ஆகும்."

"சேர், ஞாயித்துக்கெழம ப்ளைட்டு!"

அடித்துண்டின் கீழே, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், உருட்டி எழுதியிருந்தது: பியட்றிஸ். 'ற'வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கி, ஒரு சுழி போட்டிருந்தது.

அனற் தன் சட்டைப் பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இறங்கவும். ஏறவும். திரும்பவும் இறங்கவும்.

மூன்று பேரும் பார்த்தார்கள். அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது ஒங்க எழுத்து இல்லையா?"

"இல்ல சேர்." இனி மறைக்க ஒன்றுமில்லை. "நான் அஞ்சோட நின்னவ. இந்த மூணு வருஷம் நான் இங்க இல்ல. கொழும்புல வீட்டு வேலை செஞ்சேன்."

அதை அவள் சொன்னது அதிபரிடம். பார்த்தது மகளை. அனற் கழுத்தைச் சுற்றியிருந்த கையை எடுக்கவில்லை.

பியட்றிஸ் டெலிபோனை எடுத்து வேலாயியின் இலக்கத்தை அழுத்தினாள்.

மணி வெளியே கேட்டது.

பள்ளிக்கூட வாசலில், முற்றத்துப் படியில், தெளிவாக. மாதா பாட்டு மணி. மஹய்யாவ வீட்டில் மூன்று வாரமாகக் கேட்கிற அதே மணி.

*

அடுத்த பஸ்ஸிலேயே வந்திருக்கிறாள். வாசலில் நின்றாள். நல்ல சேலை, வேர்த்த முகம், கக்கத்தில் ஒரு கடைப் பை. உள்ளே வர அனுமதி கேட்டு நிற்பதுபோல நின்றாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் ஜனார்த்தனன்.

வேலாயி மண்டபத்தை ஒரு தடவை பார்த்தாள். நாற்பத்து மூன்று முகங்களும் அவளைப் பார்த்தன. செருப்பைக் கழற்றினாள். இரண்டு கையையும் மார்பில் கட்டினாள்.

"பியட்றிஸ், சேர். எட்டாம் வகுப்பு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"அப்பனுக்கு இந்தியாவுக்குப் போக பாஸ்போட் வரும் வரும்னு காத்திருந்து எனக்குப் பொறப்பே பதியல்ல, சேர். கப்பலும் நின்னுருச்சு. பேரில்லாம பெஞ்சு ஓரத்துல ஒக்காந்திருந்தேன். இவங்களுக்குத் தெரியும். பேரு கூப்பிடுறப்ப நான் மட்டும் எழும்ப மாட்டேன். அஞ்சாவதுக்கு மேல பேரில்லாத பிள்ளய வச்சிக்க முடியாதுன்னாங்க. அந்த வாரந்தான் இவங்கள கொழும்புக்குக் கொண்டு போனாங்க. பெரிய மாஸ்டர் சொன்னாரு, 'அந்த எடம் காலியாத்தானே கெடக்கு. நாளையிலேர்ந்து பியட்றிஸ்னு கூப்பிட்டா நீ எழும்பு.' எழும்புனேன். வகுப்புல ஒரு பிள்ள வாயத் தொறக்கல்ல, சேர். மூணு வருஷமும்."

"நான் அங்க முக்காலியில ஏறி நின்னு சட்டி கழுவுறேன்," என்றாள் பியட்றிஸ். சத்தம் ஏறிக்கொண்டு வந்தது. "நீ இங்க எம்பேர வச்சிக்கிட்டு முதலாம் பிள்ளயா? எத்தன வருஷம்டி எங்கூட பேசுற! எங்கண்ணன் வீட்டுல சோறு போடுற! ஒரு வார்த்த?"

அண்ணி என்பது போய், நீ வந்து, டி வந்துவிட்டது. வேலாயி அதைத் தட்டவில்லை.

"நீ போனதாலதான் எனக்கு பெஞ்சு கெடச்சுது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒம்பேரு சொல்லிக் கூப்பிட வாய் வரல்ல."

கடைப் பைக்குள் இன்னொரு பை. அதற்குள் பழைய நத்தார் வாழ்த்து அட்டை ஒன்று. அதற்குள், மடிப்புக் கலையாத பாடசாலை விடுகைப் பத்திரம். பியட்றிஸ் என்று பெயர். எட்டு என்று வகுப்பு.

"எடுத்துக்க. இதக் குடுக்கத்தான் வந்தேன். காலையில குடுக்கத் துணிச்சலில்ல. நீ இங்க வந்து ரெஜிஸ்தர தொறந்தா எப்படியும் தெரிஞ்சுபோகும். படிச்சது யாராயிருந்தா என்ன, பேரு ஒன்னுதுதானே. இத்தாலியில போயி காட்டு."

பியட்றிஸ் வாங்கிக்கொண்டாள். தேடி அலைந்த காகிதம். ஒரிஜினல். முத்திரை, கையெழுத்து, எல்லாம். இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் செப்டெம்பரில் பயிற்சி, அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி. கேட்பார் யாருமில்லை.

"சேர்," என்றாள் வேலாயி, தயங்கித் தயங்கி, "அந்தக் கடைசிப் பரீட்சை புள்ளி இருக்குமா? அப்ப எனக்குக் காட்டல்ல. கணக்குல எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு," என்றார் அதிபர்.

"நான் எம்பத்தஞ்சு வரும்னு நெனச்சேன்." முகம் முழுக்கச் சிரிப்பு. "தொண்ணூத்தொண்ணா! பாப்பா, கேட்டியா? தொண்ணூத்தொண்ணு!"

"கேட்டனான் மாமி! முதலாம் பிள்ளை நீங்கள்தான்!"

பியட்றிஸ் அவளைப் பார்த்தாள். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பின்னேரத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். பதினொரு வருஷமாக நாட்சம்பளம். நிரந்தரமாக்க எட்டாம் வகுப்புப் பத்திரம் கேட்கிறார்கள் என்று போன வாரம்கூட ஹென்றி புலம்பினான். "இவ படிக்கல்லியே, என்னா செய்ய" என்றான். வேலாயி தலையைக் குனிந்துகொண்டு மீன் கழுவினாள்.

இருந்தது மூன்று வருஷம். வேண்டியது இரண்டு பேருக்கும்.

"அம்மா," அனற் மெதுவாக ஆரம்பித்தாள். "எங்கட பள்ளிக்கூடத்திலயே பின்னேரம் பெரிய ஆக்கள் படிக்க வருகினம். என்ர சிநேகிதியின்ர அம்மா ரெண்டு வருஷத்தில முடிச்சவ. சோதினை எழுதி எட்டாம் வகுப்புப் பத்திரம் எடுத்தவ. உங்களுக்குச் சொன்னனான்தானே? நீங்கள்தான் ஏசினீங்கள்."

"நாப்பது வயசுல, சின்னப் பிள்ளைங்க பெஞ்சியில போயி குந்தச் சொல்றியா?"

"என்ர வாங்கிலயே இருக்கலாம். காலமை நான், பின்னேரம் நீங்கள். மேசைக்குள்ள உங்களுக்குக் கடிதம் எழுதி வைப்பன்."

மறுபக்கத்தில் பிள்ளைகள் பதினாலாம் வாய்ப்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். யாரும் சொல்லச் சொல்லவில்லை, அவர்களாகவே.

வேலை முடிந்து, கால் வலியோடு, பின்னேரம் ஆறு மணிக்கு, இரண்டு வருஷம். பியட்றிஸ் கணக்குப் பார்த்தாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி இல்லை. இடாப்பில் இருக்கிற தொண்ணூற்றொன்று அவளுடையது இல்லை.

பத்திரத்தை மேசையில் வைத்து அதிபர் பக்கம் தள்ளினாள்.

"சேர், எனக்கு அஞ்சுன்னே எழுதித் தாங்க. இதுல பேர மாத்தணும். வேலாயின்னு. அதுக்கு என்னா செய்யணும்?"

"அடி, பைத்தியமா ஒனக்கு!" வேலாயி பாய்ந்து பத்திரத்தைப் பிடித்தாள். "ஒன் வேலை போயிரும்டி!"

"கைய எடு. இது ஒன்னுது."

"பியட்றிஸ்!"

வந்துவிட்டது. இருபது வருஷமாக வராதது. வேலாயியே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா அண்ணி," என்றாள் பியட்றிஸ். மரியாதையும் திரும்பி வந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அனற்றால் சொல்ல முடியவில்லை.

ஜனார்த்தனன் தொண்டையைச் செருமினார். "இங்க வச்சு மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. திங்கக்கெழம காலையில வலயக் கல்விக் கந்தோருக்கு நான் வர்றேன். ரெண்டு பேரும் நேர்ல வந்து சொல்லணும். பேருக்குச் சொந்தக்காரங்க கட்டாயம் நிக்கணும்."

"டிக்கட்ட மாத்துறேன்," என்றாள் பியட்றிஸ், மூச்சு விடாமல்.

"இன்னும் ஒண்ணு." அவர் வேலாயியைப் பார்த்தார். "ஒங்க புருஷனும் எழுதிக் கையெழுத்துப் போட்டா நல்லது. இவங்களோட அண்ணன்தானே? அவரு வாக்குமூலத்துக்கு மதிப்பு இருக்கும்."

வேலாயியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவருக்குத் தெரியாது, சேர். அப்ப அவரு டவுன்ல கடை வேலையில இருந்தாரு. பொண்ணு பாக்க வந்தப்ப, எது வரைக்கும் படிச்சன்னு கேட்டாரு. மழைக்குக்கூட ஸ்கூல் பக்கம் ஒதுங்கல்லன்னு சொல்லிட்டேன். அன்னையிலேர்ந்து அவருதான் எனக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறாரு."

"இத்தனை வருஷமாவா?"

"தெனமும். பிழை பிழையா வாசிப்பாரு. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

சேலைத் தலைப்புக்குள் மாதா பாட்டு மணி அடித்தது. வேலாயி டெலிபோனை எடுத்துப் பார்த்தாள். ஹென்றி. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பான். கதவு பூட்டியிருக்கும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த நேரத்தில் அந்தக் கதவு பூட்டியிருந்ததில்லை.

"குடுங்க அண்ணி, நான் பேசுறேன்."

"வேணாம்."

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். காலியாகக் கிடந்த பெஞ்சு ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஹலோ," என்றாள். "வீட்டுல இல்லீங்க. நான் ஸ்கூல்ல இருக்கேன்."